ஒன்பதாம் கேள்வி

லிப்ட் பழுது, மூன்று மாடி ஏற வைத்துவிட்டோம் என்று வருத்தப்பட்டீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு மாடி ஏறுவதை எங்கள் வீட்டில் வேலை என்றே சொல்ல மாட்டார்கள். என் அப்பா கல் உடைக்கிற இடத்தில் ஜல்லி சுமந்தவர். அம்மா அதே இடத்தில் கல் பொறுக்கிப் போட்டவர். பதினேழு வயது வரை நான் அந்த இருவருக்கும் நடுவில் கூடை மாற்றிக்கொண்டிருந்தேன். தலையில் கூடை இருக்கும்போது கழுத்தைத் திருப்பக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். திருப்பினால் சுளுக்கிக்கொள்ளும். நேரே பார்த்து நடக்க வேண்டும். பத்திரிகைத் தொழிலுக்கு அந்தப் பழக்கம் நன்றாகவே உதவியது.

நீங்கள் மூவரும் பத்திரிகையாளர் சங்கத்தின் விசாரணைக் குழு. என்னைவிடப் பெரிய இடங்களில் இருந்தவர்கள். உங்களிடம் சுற்றி வளைத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. கேட்டால் சொல்வேன். இருபத்தாறு வருடத்தில், செய்தி சரிபார்க்கிற என் மேசையைத் தாண்டி ஒரு பொய்ச் செய்தி போனதில்லை. அதனால் அலுவலகத்தில் எனக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு முன்னால் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘சல்லடை வந்துடுச்சா?’ இரண்டுக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

எங்கள் பத்திரிகையை இரண்டு வருடத்துக்கு முன்னால் தகர டப்பா ஆலைக்காரர் வாங்கினார். எண்ணெய் டப்பா, பெயின்ட் டப்பா, பிஸ்கட் டப்பா எல்லாம் அவர் ஆலையில்தான் அடிக்கிறார்கள். வாங்கிய வாரம் எங்கள் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்துப் பேசினார். மெல்லிய குரல். மைக்கே வேண்டாம் என்றுவிட்டார்.

“என் ஆலையைப் பத்தி எழுதணும்னாலும் தாராளமா எழுதுங்க. எங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? இன்னொரு தரப்பைக் கேட்காமல் எழுதாதே என்பது தொழிலின் அரிச்சுவடி. ஒரு முதலாளி தன் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்று மாதம் கழித்து அவருடைய நண்பர் ஒருவர் போட்ட சாலை ஒரே மழையில் கரைந்துபோனதை எழுதினோம். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் ஞாயிறு இணைப்பை மூடினார். காகித விலை என்றார்கள். எட்டுப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் குறுக்கெழுத்துப் போடுபவரும் ஒருவர். போகிற அன்றைக்கும் மறுநாள் விடையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாலைக்கும் இணைப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை நான் சொல்ல மாட்டேன்.

ஆசிரியருக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு முதலாளி சம்பந்தப்பட்ட செய்தி எது வந்தாலும் அவருக்கு வயிறு சரியில்லாமல் போனது. “நீங்க பாத்துக்கோங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்று கிளம்பிவிடுவார். ஆசிரியரின் வயிற்றை வைத்தே அன்றைக்கு என்ன செய்தி வந்திருக்கிறது என்று மேசையில் ஊகித்தார்கள். அவர் கிளம்பினால் எல்லாம் என் தலையில் விழும். தலையில் விழுவது எனக்குப் பழக்கம்.

அப்போதுதான் கேள்வித்தாள் முறையைக் கொண்டுவந்தேன். யார் மேல் குற்றம் சொல்லும் செய்தியாக இருந்தாலும், அவர்களுக்கு எழுத்து மூலமாகக் கேள்விகள் போக வேண்டும். பதில் வரும் வரை செய்தி காத்திருக்க வேண்டும். பத்துக் கேள்விக்குக் குறைந்து நான் அனுப்பியதில்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஒரு பாலத்தின் அடித்தளம் சரியில்லை என்று ஒரு செய்தி. எங்கள் கேள்விக்குப் பதில் வந்தபோது பாலம் கட்டி முடிந்து, திறப்பு விழா நடந்து, விரிசலும் விட்டிருந்தது. விரிசல் செய்தியை மற்ற எல்லாப் பத்திரிகைகளும் போட்டுவிட்டன. எங்களிடம் மட்டும்தான் மறுப்பு முழுமையாக இருந்தது.

இதை ஒருவர் ஒழுங்கு என்பார், இன்னொருவர் இழுத்தடிப்பு என்பார். நான் இருவர் சொல்வதையும் குறித்துக்கொள்வேன்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், உங்களிடம் புகார் கொடுத்திருக்கும் நிருபர். அலுவலகத்தில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். காது குடைவது போல ஒரே இடத்தைக் குடைந்துகொண்டே இருப்பாள். ஆள் கெட்டிக்காரி. சம்பளம் வாங்குகிற அளவுக்கு மேல் உழைப்பவள். இந்த அறைக்கு வெளியே யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

டப்பா ஆலை வாசலில் ஒரு பலகை இருக்கிறது. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே ஓர் எண். தினமும் காலையில் காவலாளி ஒன்று கூட்டுவார். அவள் போன அன்று தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. இரண்டரை வருடமாக ஒரு விரல்கூட நசுங்காத தகர ஆலை உலகத்தில் உண்டா என்று அவளுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம். நான் கூடை மாற்றிய இடத்தில் வாரம் ஒரு நகமாவது போகும்.

குடைந்தாள். ஒரு ஆள் கிடைத்தார்.

அந்த ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிற ஒருவர். என்றைக்கோ நான்கு நாள் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் அங்கே எல்லோரும் அவரை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். யாருக்காவது கை வெட்டுப்பட்டால் டாக்டர்தான் கட்டுப் போடுவார். அதற்குக் கட்டுத்துணி வேண்டும். கட்டுத்துணி வேண்டுமென்றால் கிடங்கில் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளைச் சீட்டு கிடங்குக்கு, அடியில் இருக்கும் சிவப்பு நகல் வாங்குகிறவருக்கு. அந்தச் சீட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். எல்லோரும் அதைக் காலியாக விடுவார்கள். பயிற்சியில் எழுதச் சொன்னார்கள் என்பதற்காக டாக்டர் மட்டும் எழுதியிருக்கிறார். ‘வலது கை ஆள்காட்டி, பாதி, இரண்டாம் இயந்திரம்.’ ‘இடது கை சுண்டுவிரல், முழுசு, இரண்டாம் இயந்திரம்.’ கிடங்குக்காரர் எண்ணிக்கையைப் பார்த்தாரே தவிர, காரணத்தை ஒருநாளும் படிக்கவில்லை. படித்திருந்தால் அன்றே நிறுத்தச் சொல்லியிருப்பார், டாக்டரும் தப்பித்திருப்பார்.

நாற்பத்து மூன்று சீட்டு. ஒன்பது ஆட்கள். பதினோரு விரல். எல்லோரும் சொந்த விருப்பத்தில் விடுப்பு எடுத்ததாகப் பதிவு. இரண்டாம் இயந்திரத்தில் கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிக் கூண்டு ஒன்று இருக்க வேண்டும். அது இருந்தால் நிமிடத்துக்கு நாலு மூடி குறைகிறது என்று கழற்றி ஓர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார்கள். அதன் மேல் யாரோ துண்டு காயப் போடுகிறார்களாம்.

நல்ல செய்தி. நான் பார்த்ததிலேயே நன்றாகக் கட்டிய செய்திகளில் ஒன்று. அவள் கவனமாகத்தான் இருந்தாள். சீட்டின் படம் போடக் கூடாது, கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். எங்கள் வழக்கப்படி தகவல் தந்தவரின் பெயரை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து என்னிடம் தர வேண்டும். அவசரத்துக்கு மட்டும்தான் அதை உடைக்கலாம். தந்தாள். என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அந்த முத்திரை இன்றுவரை உடையவில்லை. நீங்களே பார்த்தீர்கள்.

ஆசிரியர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மதியமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். ஆலைக்கு அவளே இரண்டு பொதுவான கேள்வி அனுப்பி, ‘சொல்வதற்கு ஒன்றுமில்லை’ என்ற பதிலையும் வாங்கி வைத்திருந்தாள். கேள்வித்தாள் வழியையும் அடைத்துவிட்டாள், பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வேறு பத்திரிகையில் போடுவேன் என்றாள். நான் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. இளவயது.

அன்று அச்சுப் பகுதிக்கு இறங்கிப் போனேன். என் மச்சினன் அங்கேதான் இயந்திரம் ஓட்டுகிறான். என் மனைவியின் தம்பி, நான் சேர்த்துவிட்டவன். கையில் மையைத் துடைத்தபடி வந்தான்.

“என்ன மாமா, டப்பா நியூஸ் வருதாமே?”

“யார் சொன்னது?”

“ஆசிரியர் வயித்த புடிச்சிக்கிட்டுப் போனாரே, அதைப் பாத்தாத் தெரியாதா? வரட்டும் மாமா. நல்ல நியூஸ்தானே. அப்புறம் எங்க பகுதியையும் மூடிருவாங்க. வெளியில அச்சடிச்சுக்கலாம்னு ஏற்கனவே பேச்சு இருக்கு. நான் உங்க வீட்டு மாடிக்கு வந்துடறேன். அக்காகிட்ட சொல்லிருங்க, நான் கொஞ்சம் அதிகமாத்தான் சாப்பிடுவேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கூட நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துவிட்டு ஒருவரும் வேலைக்குத் திரும்பவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வேலை நின்றுபோன இடங்களைப் பார்த்தவன். கல் உடைக்கிற இடத்தை ஒருநாள் காலையில் மூடினார்கள். அப்பா வழக்கம் போலக் கூடையை எடுத்துக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். மறுநாளும் போனார். அறம் பேசுகிறவர்கள் அந்த மறுநாளைப் பார்த்திருக்க வேண்டும்.

பத்திரிகையில் நூற்று அறுபது பேர் இருக்கிறோம். ஆலையில் விரல் போனவர்கள் ஒன்பது பேர். நான் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை. ஆனாலும் இதற்குப் பெரிய கணக்கு தேவைப்படவில்லை.

புதன்கிழமை டாக்டரே அலுவலகத்துக்கு வந்தார். அதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்குத் தெரியாது. அவள் வெளியே போயிருந்த நேரம். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். என் முன்னால் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“என் பேரு வராதுல்ல சார்?”

“வராது.”

“அந்தப் பொண்ணும் அப்படித்தான் சொல்லுச்சு. இருந்தாலும் பெரியவங்க ஒருத்தர் வாயால கேட்டா வீட்டுல சொல்றதுக்கு ஒரு இதுவா இருக்கும். எம்மவ பன்னெண்டாவது படிக்குது.”

வராது என்று மறுபடியும் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். போகும்போது என் கட்டைவிரலில் இருந்த பழைய தழும்பைப் பார்த்துவிட்டு, இதுக்கு யார் கட்டுப் போட்டது, கோணலாப் போட்டுட்டாங்களே என்றார். என் அம்மா போட்டது என்றேன். ‘அப்ப சரி’ என்றார்.

அவர் பெயர் வரவில்லை. எங்கும் வரவில்லை. கொடுத்த வாக்கில் ஒரு எழுத்து நான் மாறவில்லை.

வியாழக்கிழமை காலை ஆலை நிர்வாகத்துக்கு ஒரு துணைக் கேள்வித்தாள் அனுப்பினேன். பொதுவாகக் கேட்டுப் பொதுவாகப் பதில் வாங்கினால் அது நேர்மையான வாய்ப்பு ஆகாது. குற்றம் சாட்டப்படுகிறவருக்கு என்ன குற்றம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். எந்தப் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. பன்னிரண்டு கேள்வி. அந்தத் தாள் உங்கள் முன்னால் இருக்கிறது. ஒன்பதாவதை அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

‘சென்ற மாதம் பதினான்காம் தேதி பிற்பகல் ஷிப்டில் கிடங்கிலிருந்து எடுக்கப்பட்ட மூன்று கட்டுத்துணி உருளைகளுக்கான சீட்டில், காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருப்பதை நிர்வாகம் கவனித்ததா?’

இதில் பெயர் இருக்கிறதா? தவறான தகவல் இருக்கிறதா? கேட்கக் கூடாத கேள்வியா? எந்த வகுப்பிலும் இதை ஒரு நல்ல கேள்விக்கு உதாரணமாகக் காட்டலாம்.

நிர்வாகம் கிடங்குக்கு ஆள் அனுப்பி வெள்ளைச் சீட்டை எடுத்துப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். எடுத்தவரின் கையெழுத்து கீழேயே இருக்கும். வெள்ளிக்கிழமை காலை டாக்டரைப் பழுது பார்க்கிற வேலையிலிருந்து எடுத்து இரண்டாம் இயந்திரத்தில் நிறுத்தினார்கள். ஆள் குறைவு என்று காரணம் சொன்னார்கள். அவருடைய அலமாரியைச் சுத்தம் செய்தார்கள். சிவப்புச் சீட்டெல்லாம் போயிற்று. மகள் படிப்பை நினைத்தோ என்னவோ, அன்று மதியமே அவர் நம் நிருபருக்குப் போன் போட்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்றார். தகவல் தந்தவரே மறுத்த பிறகு செய்தியைப் போட முடியாது. அதுவும் விதிதான். பக்கத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. கோடையில் கண்களைப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு கட்டுரை போட்டோம்.

திங்கட்கிழமை இயந்திரம் அவர் வலது கையை மணிக்கட்டு வரை எடுத்துக்கொண்டது. அவருக்குக் கட்டுப் போட அங்கே ஆள் இல்லை.

அனுமதி இல்லாமல் இயக்கினார், ஆகவே இது விபத்து அல்ல என்று ஆலை விளக்கம் கொடுத்தது. வாசல் பலகையில் மறுநாள் காலையும் ஒன்று கூட்டினார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் பத்திரிகையிலிருந்து நான் ஒருவன்தான் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். உரிக்க இரண்டு கை வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. உட்கார்ந்து நானே உரித்துக் கொடுத்தேன். அவர் மனைவி கட்டில் காலருகில் நின்று, யாருமே எட்டிப் பார்க்கல சார், நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க என்றார். டாக்டர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

“அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல சார். சின்னப் புள்ள. எங்கயோ வாய் தவறி விட்டுருக்கும்.”

“இருக்கலாம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால் அது பொய். ‘இருக்கலாம்’ பொய் ஆகாது. உலகத்தில் எதுவும் இருக்கலாம்.

தகவல் தந்தவர் வெளியே தெரிந்துவிட்டார் என்றால் பத்திரிகைக்குள் விசாரணை வேண்டும். அதையும் என்னையே செய்யச் சொன்னார்கள். அலுவலகத்தில் என்னைவிடச் சுத்தமான கை யாருக்கும் இல்லை என்றார் ஆசிரியர். அன்றைக்கு அவர் வயிறு நன்றாக இருந்தது. அறிக்கை இரண்டு பக்கம். பெயர் எழுதிய தாளைக் கண்டவர் நிருபர் ஒருவரே. உறையின் முத்திரை உடைக்கப்படவில்லை. நிருபர் தகவல் தந்தவரைப் பொது இடங்களில் மூன்று முறை சந்தித்திருக்கிறார். எல்லாம் உண்மை. முடிவு என்று நான் எதையும் எழுதவில்லை. படித்தவர்கள் முடிவுக்கு வந்துகொண்டார்கள். வருத்தத்துடன் அவளை அனுப்பினார்கள்.

அவள் மேசையைக் காலி செய்த அன்று என் முன்னால் வந்து நின்றாள். அனுப்பிய தாள்களின் நகல் வைக்கிற கோப்பை எப்படியோ பார்த்திருக்கிறாள். சொன்னேனே, குடைச்சல்.

“ஒன்பதாவது கேள்வியைப் போட்டது யாரு சார்?”

“நான்தான்.”

“அறிக்கையில அது ஏன் இல்ல?”

“யாரும் கேக்கலையேம்மா.”

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. நான்தான் காட்டிக்கொடுத்தேன்னு அவர் நினைச்சிக்கிட்டுக் கிடக்கிறாரு சார், அதை மட்டுமாவது போய்ச் சொல்லுங்க என்றாள். பிறகு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். நல்லதுதான். நான் சொல்லிக்கொடுத்த முறைதான் அது.

ஆஸ்பத்திரிக்கு நான் மறுபடி போகவில்லை. நோயாளியை அலைக்கழிக்கக் கூடாது.

தெரிந்துதான் செய்தீர்களா என்று நடுவில் இருக்கிற அம்மா கேட்டீர்கள். இதை இதுவரை ஒருவரும் நேராகக் கேட்கவில்லை. அதனால் நேராகவே சொல்கிறேன். தெரியும். சீட்டுகளின் படம் என் மேசையில் இருந்தது. நாற்பத்து மூன்றிலும் ஒரே கையெழுத்து. முதலில் அந்தக் கேள்வியைத் தேதி போடாமல்தான் எழுதினேன். ‘கட்டுத்துணி அதிகமாகச் செலவாவதை நிர்வாகம் கவனித்ததா?’ என்று. படித்துப் பார்த்தேன். இதை வைத்து அவர்களால் யாரையும் பிடிக்க முடியாது என்று தோன்றியது. பேனாவை எடுத்துத் தேதியைச் சேர்த்தேன். அதுவும் போதாது என்று பட்டது. எந்த ஷிப்ட் என்று சேர்த்தேன். கட்டத்தையும் சேர்த்தேன். பிறகு உறையிலிட்டு, என் கையாலேயே கொண்டுபோய் வரவேற்பில் கொடுத்துவிட்டு, ஒப்புகை வாங்கி வந்தேன். முதலாளி சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஒருவரும் சொல்லவில்லை.

அச்சுப் பகுதியை ஆறு வாரம் கழித்து மூடிவிட்டார்கள். மச்சினன் எங்கள் மாடியில்தான் இருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, நிறையத்தான் சாப்பிடுகிறான்.

வேறு கேள்வி இல்லையென்றால் நான் கிளம்பலாமா? என்னை இப்போது அறநெறிப் பிரிவுக்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் உள்ள அறை. நாளைக் காலை பத்து மணிக்குப் புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு வகுப்பு, தகவல் தருகிறவரைக் காப்பாற்றுவது எப்படி என்று. நான் போகாவிட்டால் இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?